பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு

கொஞ்சம் நீண்ட பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

என் தம்பி பேத்தி விஸ்காம் படிக்கிறாள். அனிமேஷன் பழகுவதற்கு ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி மாட்டப் போகிறாள். மதர்போர்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் முடிவாகிவிட்டது. கேபினெட்டில்தான் தகராறு. முன்னாலும் பக்கவாட்டிலும் கண்ணாடி, உள்ளே கலர் விளக்கு என்று அவள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். பையன்கள் அதை 'மீன் தொட்டி' என்கிறார்களாம். அவள் அப்பாவோ, "தகர டப்பாவுக்கு எதுக்கு இவ்வளவு காசு? இருக்கறதுலயே மலிவா ஒண்ணு எடு" என்கிறான். கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் வீடு. அவன் பேச்சிலும் நியாயம் உண்டு. "அத்தைப் பாட்டி, நீங்களே சொல்லுங்க" என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது. வாழ்நாள் முழுக்க சமூக அறிவியல் நடத்தியவளிடம் கேட்டால் பதில் 1981-லிருந்துதான் தொடங்கும். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்த் திருத்தம். நம் ஊரில் பெட்டி முழுவதையும் 'சிபியு' என்று சொல்லியே பழகிவிட்டோம். சிபியு என்பது உள்ளே இருக்கும் ஒரு சில்லு, தீப்பெட்டியைவிடச் சின்னது. அதைச் சுமக்கிற பெட்டிக்குக் கடைத்தெருவில் பெயர் கேபினெட்.

1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. மேஜைமேல் படுத்துக் கிடக்கும் இரும்புத் தகட்டுப் பெட்டி, அதன் முதுகில் மானிட்டர். ஏன் இரும்பு? பலம் ஒரு காரணம். இன்னொன்று, கம்ப்யூட்டர் ஓடும்போது கிளம்பும் மின்னலைகள் பக்கத்து வீட்டு ரேடியோவையும் டிவியையும் கெடுக்கும். அதற்கு அமெரிக்க அரசு அப்போதுதான் கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது. இரும்பு உறை அந்த அலைகளை உள்ளேயே அடக்கிவிடும். அந்தக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை மொத்தமே 63.5 வாட். நம் வீட்டுச் சாதாரண சீலிங் ஃபேனே எழுபது வாட்டுக்கு மேல் இழுக்கும். பிராசஸர் தலையில் விசிறி கிடையாது, வெறும் சில்லாக உட்கார்ந்திருக்கும். இந்த 63.5-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன்.

ஐபிஎம் தன் இயந்திரத்தின் மின்சுற்றுப் படங்களைப் புத்தகமாகவே வெளியிட்டது. வெளியார் அதற்கேற்ற கார்டுகள் செய்து விற்கட்டும் என்ற எண்ணம். கார்டுகளோடு நிற்காமல் மற்ற நிறுவனங்கள் முழு இயந்திரத்தையே அதேபோலச் செய்யத் தொடங்கின. திருகு துளை எங்கே, கார்டு செருகும் இடம் எங்கே என்பதெல்லாம் அப்படியே பின்பற்றப்பட்டது. 1983-ல் வந்த எக்ஸ்டி மாடலில் ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் இடைவெளி 0.8 அங்குலம். இன்று கடையில் வாங்கும் கேபினெட்டின் பின்பக்கத்திலும் அதே 0.8 அங்குலம்தான். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், 20 மில்லிமீட்டரும் கொஞ்சமும் வரும். நாற்பது வருஷத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை.

நம் நாட்டுக் கதை வேறு மாதிரி. ஐபிஎம் 1978-லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டது. 1976-ல் தொடங்கிய எச்சிஎல் போன்ற நம் நிறுவனங்கள் தாமே கம்ப்யூட்டர் செய்தன. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்த பிறகே பாகங்கள் இறக்குமதியாக வழி திறந்தது. அதே காலத்தில் 'கிளாஸ்' என்ற திட்டத்தில் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற கணினி தரப்பட்டது. அதற்குத் தனிப் பெட்டியே இல்லை, விசைப்பலகைக்கு அடியிலேயே எல்லாம் அடக்கம். எங்களைப் போன்ற ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளை அது எட்டவில்லை. எங்களுக்குக் கணினி வந்தது சர்வ சிக்ஷா அபியான் காலத்தில். வந்ததும் அதற்குத் துணி உறை தைத்துப் போர்த்தினோம், செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனோம். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகள் சிரிக்கலாம், ஆனால் தூசிதான் எதிரி என்று எங்களுக்கு யாரோ சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

தொண்ணூறுகளில் படுத்திருந்த பெட்டி எழுந்து நின்றது. அதுதான் டவர் கேபினெட். மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த ரிச்சி தெரு கம்ப்யூட்டர் தெருவானது. தாம்பரத்திலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் போய், பாகங்களை வாங்கி, கேபினெட் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிய பையன்களை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 'அசெம்பிள்டு' என்ற சொல் நம் தமிழுக்குள் அப்படித்தான் நுழைந்தது.

அந்தக் காலத்து ஏடி வகைக் கேபினெட் கொஞ்சம் ஆபத்தானது. முன்பக்க சுவிட்சுக்கு நேராக 230 வோல்ட் வயர் வந்து நிற்கும். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு பவர் இணைப்புகளைச் செருகும்போது கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவில் சேர வேண்டும், மாற்றிச் செருகினால் போர்டு போச்சு. முன்னால் ஒரு சாவித் துவாரம், ஒரு டர்போ பட்டன், வேகத்தைக் காட்டும் பச்சை எண்கள். அந்த எண்கள் எதையும் அளக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. பின்னால் இருக்கும் சிறு முனைகளை மாற்றி மாட்டினால் எந்த எண் வேண்டுமானாலும் வரும். அலங்கார விளக்கு இன்று வந்த மோகம் இல்லை, கண்ணுகளா.

1995-ல்தான் பெரிய திருப்பம். இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அளவை வெளியிட்டது. போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், துளைகள் இன்னின்ன இடத்தில், இணைப்பு வாய்கள் எல்லாம் பின்பக்கம் ஒரே செவ்வகத்துக்குள். முன் சுவிட்சுக்கு இனி பெரிய வோல்டேஜ் வராது, "எழுந்திரு" என்று போர்டுக்குச் சொல்லும் சின்ன சைகை மட்டும்.

இதைத் தாம்பரத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அது மீட்டர் கேஜ், தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டர். பெட்டிகள் பழசாகின, புதுசு வந்தன, ஆனால் இடைவெளி மாறவில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் கழித்து, 2004-ல்தான் அது முழுதாக பிராட் கேஜுக்கு, 1676 மில்லிமீட்டருக்கு மாறியது. அளவு ஒன்று நிலைத்துவிட்டால் ரயிலை மாற்றலாம், தண்டவாளத்தைப் பிடுங்க வேண்டாம். ஏடிஎக்ஸ் ஒரு கேஜ். அதற்குப் பிறகு வந்த மைக்ரோ ஏடிஎக்ஸும் மினி ஐடிஎக்ஸும் அதே துளைகளில் சிலவற்றைப் பயன்படுத்தும் சிறிய போர்டுகள்தான். 2004-ல் இன்டெல்லே பிடிஎக்ஸ் என்று காற்றோட்டம் அதிகமான வேறொரு அளவைக் கொண்டுவந்து பார்த்தது. யாரும் பெரிதாக மாறவில்லை, இரண்டு மூன்று வருஷத்தில் கைவிட்டார்கள்.

அதனால்தான் என் தம்பி மகனிடம் சொன்னேன்: நீ வாங்கும் பிராசஸர் ஐந்து வருஷத்தில் பழசு, கிராபிக்ஸ் கார்டும் அப்படியே. கேபினெட் ஒன்றுதான் அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதற்கடுத்ததற்கும் நிற்கும். அதில் போய்க் கஞ்சத்தனம் பார்க்கிறாயே.

அவன் சொல்லும் மலிவுப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1997-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கம்ப்யூட்டர் பாகங்களுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்தது. சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் பெட்டிகள் குவிந்தன. நம் சென்னையிலேயே தொடங்கிய ஜெப்ரானிக்ஸ் போன்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்தவை ஆயின. நடுத்தர வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்தது அந்த மலிவால்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸையும் உள்ளேயே மாட்டி, இரண்டும் சேர்த்து ஒரே விலை என்று விற்கும் வழக்கமும் கூடவே வந்தது. அதில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தூக்கிப் பார்த்தால் காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இருக்காது. ஆபீஸ் கணக்கு எழுதும் கம்ப்யூட்டருக்கு அது ஓடியது. இரவெல்லாம் அனிமேஷன் ரெண்டர் செய்கிற கம்ப்யூட்டருக்கு ஓடாது.

இப்போது அந்த 63.5-ஐ எடுங்கள். அன்று முழுக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையும் அவ்வளவுதான். இன்று இவள் வாங்கும் மாதிரி கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 200 வாட்டுக்கு மேல் இழுக்கிறது. இழுக்கிற அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். விசிறி எத்தனை வைத்தாலும் அறையின் காற்றைவிட உள்ளே குளிராது. 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி தொட்டது. அப்படியொரு மதியம் மின்விசிறி மட்டும் ஓடும் மாடி அறையில், முகத்தைக் கண்ணாடியால் மூடிய பெட்டி எப்படி மூச்சு விடும்? மீன் தொட்டிகளில் நல்ல வடிவமைப்பும் உண்டு, பக்கவாட்டிலும் அடியிலும் காற்று இழுப்பவை. ஆனால் அதற்கு ஏழெட்டு விசிறிகள் தனியாக வாங்கி மாட்ட வேண்டும், அந்தக் காசு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்துதான் பிடுங்கப்படும். குளிர்நாட்டு அறையில் எடுத்த வீடியோவைப் பார்த்து நாம் பெட்டி வாங்குகிறோம்.

அடுத்தது தூசி. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் கல்குவாரி ஓடிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. (அந்தக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு நம் பக்கத்துக் கல்தான் போனது, அதனால் அந்தப் பெயர். வகுப்பில் சொல்லியிருக்கிறேனே?) இப்போது குவாரி இல்லாவிட்டாலும் சாலை வேலையும் லாரியும் இருக்கின்றன. முன்பக்கம் வலை, அதன் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி இருக்கும் பெட்டிதான் நமக்கு. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேரும், அங்கே பெயின்ட் சரியில்லாத தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கடைசியாகத் தண்ணீர். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு வாசல் வாசலாக மெத்தையோடும் புத்தகத்தோடும் டவர் கேபினெட்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன, பக்கத் தகட்டைத் திறந்தால் உள்ளே சேறு. பழைய டவரில் எஸ்எம்பிஎஸ் தலைமேல் இருக்கும். இன்றைய பெட்டிகளில் காலடியில் இருக்கிறது. குளிர்ச்சிக்கு நல்லதுதான், ஆனால் தரையில் வைத்தால் அரை அடித் தண்ணீர் போதும்.

அப்போது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த என் பழைய மாணவன் ஒருவன் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். வந்த பெட்டிகளில் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் போய்விட்டன. அவன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் கூட்டை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மொட்டைமாடியில் காயவைத்தான். கனமான தகட்டில் செய்தவை தேறின, மெலிந்தவை துருவேறிக் கோணிக்கொண்டன. தேறியவற்றில் புது போர்டு வைத்துத் திருகினான். துளைகள் பொருந்தின. பெட்டி காசு மிச்சமான வீடுகளுக்கு அந்த மாதம் அது சின்ன விஷயம் இல்லை. 1995-ல் எங்கோ எழுதிய ஒரு அளவு முடிச்சூரில் இப்படி உதவியது.

சரி, முடிவு என்னவென்று கேட்பீர்கள். போன சனிக்கிழமை மூன்று பேரும் ரிச்சி தெருவுக்குப் போனோம். முன்பக்கம் வலை, முன்னால் இரண்டு பின்னால் ஒன்று என்று விசிறிகளோடு வருகிற ஏடிஎக்ஸ் பெட்டி. அவள் ஆசைக்கு ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. கார்டின் நீளத்தையும் பிராசஸர் கூலரின் உயரத்தையும் தாளில் எழுதிக்கொண்டு போய், பெட்டியின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன், பாத்திரக் கடையில் நாம் செய்வது போல. எஸ்எம்பிஎஸ் தனியாக, நல்லதாக. மலிவுப் பெட்டியைவிட மூவாயிரத்துச் சொச்சம் அதிகம், மீன் தொட்டியைவிடக் குறைவு. அவள் அப்பா பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, திரும்பும்போது பெட்டியை அவனே மடியில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் உங்கள் வீட்டிலும் முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் தச்சரிடம் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு ஸ்டாண்டு சொல்லியாயிற்று.

சாவித் துவாரமும் டர்போ பட்டனும் வைத்த பழைய கேபினெட் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் ஒரு போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள். பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள்.