சிங்கர் பெயரும் தையல் மெசினின் பெறுமதியும்

சிங்கர் தையல் மெசின் இலங்கையில் விற்பனைக்கு வந்தது 1877இல். அமெரிக்காவில் தையல் இயந்திரக் காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த நிறுவனங்களின் கூட்டு முடிவுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 1856இல் உருவான அந்தக் கூட்டு கலைந்ததும், நல்ல மெசின் செய்வது சிலருக்கு மட்டுமே உரிய காரியமாக இருக்கவில்லை. அப்படியிருந்தும் சிங்கரின் பெயர் மேலும் உயர்ந்தது.

விற்ற முறைதான் அதற்கு முக்கிய காரணம். நிறுவனத்தின் பங்காளரான எட்வர்ட் கிளார்க் 1856இல் தவணை முறையைப் புகுத்தினார். சிறு தொகை கட்டி மெசினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மிச்சத்தைத் தைத்துச் சம்பாதித்துக் கட்டலாம். கையில் மொத்தப் பணம் இல்லாத கொழும்புக் குடும்பங்களுக்கும் இந்த வழி ஏற்றதாக இருந்தது. ஊசி, பொபின், பெல்ட், பழுது பார்க்க ஆள் என எல்லாம் விற்றவரிடமே கிடைத்தன. வாங்கியவர் கொடுத்த கூடுதல் விலையில் ஒரு பங்கு இந்த வசதிக்கானது. அது நியாயமான விலையே.

இரும்பும் தரமானதுதான். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் 1885இல் திறக்கப்பட்ட சிங்கர் தொழிற்சாலையின் வார்ப்பிரும்பு மெசின்கள், எண்ணெய் விட்டுப் பராமரித்தால் தலைமுறை தாண்டியும் தைக்கும். ஆனால் அங்கேயும் செய்யப்பட்ட 15ஆம் வகை மெசினின் அமைப்பு சிங்கரோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அதையே பொது அளவாக்கிக்கொண்டு, இறக்குமதியாளர் கேட்ட பெயரையெல்லாம் ஒட்டி ஏற்றுமதி செய்தன. கல்கத்தாவின் உஷா, ஷங்காயின் பட்டர்பிளை ஆகியவற்றின் கறுப்பு மெசின்களும் அதே குடும்பம். ஊசியும் வட்டப் பொபினும் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும். வெள்ளவத்தையில் சாரி பிளவுஸ் தைப்பவருக்கோ, கொலன்னாவையில் வீட்டோடு தையல் எடுப்பவருக்கோ விழும் தையல் ஒன்றுதான். வேறுபடுவது வார்ப்பின் கனமும் கடைசலின் நேர்த்தியும்.

1963இல் சிங்கர் இன்டஸ்ட்ரீஸ் (சிலோன்) நிறுவப்பட்டு, மெசின்களை உள்நாட்டிலேயே பொருத்தும் வேலை தொடங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய எழுபதுகளில் உதிரிப்பாகம் கிடைக்கும் மெசினே பெறுமதியான மெசின். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், மலிவான சாமான்கள் தாராளமாக வந்து அந்த நிலையை மாற்றின.

அதற்குள் பெயருக்கும் பொருளுக்கும் இருந்த உறவும் தளர்ந்துகொண்டிருந்தது. கிளைட்பாங் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. தாய் நிறுவனம் 1986இல் தையல் மெசின் தொழிலையே தனியாகப் பிரித்துவிட்டது. இலங்கைச் சிங்கர் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் விற்கும் பெரும் கடைத்தொடராக வளர்ந்தது. 2017இல் அது ஹேலிஸ் குழுமத்தின் கைக்குப் போனது. ஆகவே, இன்று பெட்டியின் மேல் உள்ள சிங்கர் என்ற எழுத்து கிளைட்பாங் வார்ப்புக்குச் சாட்சியாகாது. அது சொல்வது கடையின் நம்பகத்தையும் தவணை வசதியையும்தான்.

பழைய மெசின் வாங்குபவர் அடித்தட்டில் பொறித்த இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: ‘ஈ’யில் தொடங்கும் இரட்டை ஆங்கில எழுத்து இருந்தால் அது 1930களின் நடுவிலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்ட கிளைட்பாங் மெசின். பிறகு கைச்சக்கரத்தைச் சுழற்றி ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரம் இழுபறியின்றிச் சுழன்று, பொபினும் பக்கத்துக் கடையில் கிடைக்குமானால், பெயர் தெரியாத ஜப்பானிய மெசினுக்குக் கொடுக்கும் காசும் வீண் போகாது.