படமாகாத ‘ஹேலோ’வும் பெர்ஜுந்தை தோட்டங்களும்

திரைக்கு வராத கதைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் பெரியவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது 1958இல் எம்.ஜி.ஆர். அறிவித்த ‘பொன்னியின் செல்வன்’. விபத்தில் அவர் அடிபட, அந்த முயற்சி நின்றது. 2022இல்தான் மணிரத்னம் கையால் அந்தக் கதை திரையைக் கண்டது. ஆனால், கோல சிலாங்கூர் மண்டபத்தின் முன்வரிசையில் இருக்கும் தம்பிமார் கேட்பது வேறு கதை: ‘ஹேலோ’ ஏன் அன்றே படமாகவில்லை?

மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கருவியோடு 2001இல் வந்த வீடியோ விளையாட்டு அது. 2005இல் அலெக்ஸ் கார்லண்ட் எழுதிய திரைக்கதையை ஸ்டூடியோக்களுக்கு எப்படி அனுப்பினார்கள் தெரியுமா? விளையாட்டின் நாயகனைப்போல் பச்சைக் கவசம் மாட்டிய ஆட்கள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்! மாப்பிள்ளை வீட்டார் சீர்ப்பட்டியல் நீட்டுவதுபோல் நிபந்தனைகளும் கூடவே போயின. பல ஸ்டூடியோக்கள் ஒதுங்கிக்கொள்ள, ஃபாக்ஸும் யூனிவர்சலும் கைகோத்தன. தயாரிப்புக்கு பீட்டர் ஜாக்சன் வந்தார். இயக்கத்துக்கு, அதுவரை ஒரு முழுநீளப் படம்கூட எடுக்காத நீல் புளோம்காம்ப்.

வெலிங்டனில் வேலை மும்முரமாக நடந்தது. விளையாட்டில் ஓடும் போர் வண்டியை நிஜமாகவே செய்துவிட்டார்கள். செலவுக் கணக்கு ஏறியது. லாபப் பங்கைக் குறைத்துக்கொள்ளும்படி ஸ்டூடியோ கேட்டது, தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். 2006 அக்டோபரில் எல்லாம் முடிந்தது. கதை சரியில்லை என்றோ, பார்க்க ஆளில்லை என்றோ அது நிற்கவில்லை. பங்காளிச் சண்டையில் நின்றது. 2022இல் தொடராக வந்து, 2024இல் அதுவும் நிறுத்தப்பட்டது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். கைவிடப்பட்ட அந்த இளைஞரிடம், ஜொகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த அவரிடம், சொந்த ஊரைப் பற்றி முன்பே எடுத்த ஒரு குறும்படம் இருந்தது. அதையே பெரிதாக்க ஜாக்சன் துணை நின்றார். 2009இல் வெளிவந்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’ அதுதான். சுமார் 3 கோடி டாலரில் எடுத்த படம், சிறந்த படம் உட்பட 4 ஆஸ்கார் பரிந்துரைகள் பெற்றது. குடிசைவாசிகளை அரசு வேறிடத்துக்கு விரட்டுவதுதான் கதை; குடிசைவாசிகள் வேற்றுக்கிரகத்தார், அவ்வளவே வித்தியாசம். கேப் டவுனில் 1966இல் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று அறிவிக்கப்பட்டு, 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்ட டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வட்டாரத்தின் பெயர் அந்தத் தலைப்பில் ஒலிக்கிறது. படத்தில் தெரியும் குடிசைகள் சொவேட்டோவில் மக்கள் காலி செய்துபோன நிஜக் குடிசைகள்.

இதை நான் ஏன் இங்கே வந்து சொல்கிறேன்? மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார். இந்த ஐந்து தோட்டத்து மக்கள் ஒரு வீட்டுக்காக எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்பது பெஸ்தாரி ஜெயாவை இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் உங்களுக்குத் தெரியும்.

டிப்ளோமா படித்த காலத்தில் என் பாட்டி வாழ்ந்த லயத்தைப் படம் பிடித்தேன். பதினோரு நிமிடம். பாட்டி அடுப்படியைக் காட்டி ஏதோ சொல்கிறார். காற்றிரைச்சலில் பாதி கேட்கவில்லை. அந்த லயம் இப்போது இல்லை. பதிவு என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்ற தம்பி யாராக இருந்தாலும் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.