கிட்டங்கியிலிருந்து புறப்பட்ட வேல்

விழா மலர் என்றால் முதல் பக்கங்களில் புரவலர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பு செட்டியார் தெருவில் கடை விரித்த நாட்டுக்கோட்டை நகரத்தார் பலருக்குப் படமுமில்லை, முழுப்பெயருமில்லை. மிஞ்சியிருப்பது 'விலாசம்' என்று அவர்கள் சொன்ன மூன்று நான்கு தலைப்பெழுத்துகள். ஆடிவேல் விழாவின் கதையை அங்கிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

காரைக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் சிறுவயதிலேயே கடையின் பெட்டியடிக்கு எடுபிடியாக வந்துவிடுவான். கூட்டுவது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, ஓய்ந்த நேரத்தில் மனக்கணக்கில் வட்டி போடுவது. தேறினால் அடுத்தாள், பிறகு மேலாள். முதலாளியின் பணத்தோடு கடல் தாண்டி வந்து மூன்று வருடக் கணக்கு நடத்தவேண்டும். மனைவி மக்கள் ஊரில். கணக்கு முடிந்தால் பேரேட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் போகலாம். மறுபடி வருவது முதலாளியின் முடிவு.

இருப்பிடம் கிட்டங்கி. நீளக் கூடம் ஒன்றில் பல விலாசங்கள், அதாவது பல கடைகள். ஆளுக்கொரு மேசைப்பெட்டி, இரும்புப்பெட்டி, பாய். பகலில் வியாபாரம் நடந்த இடத்திலேயே இரவில் படுக்கை. (இன்றைய வாடகை அறைகளைப் பற்றிக் குறைப்படுபவர்கள் இதைக் கேட்கவேண்டும்.)

அன்று வெள்ளையர் வங்கிகள் சில்லறை வியாபாரிக்கு நேரே கடன் கொடுப்பதில்லை. அவை செட்டியாருக்குக் கொடுத்தன. செட்டியார் கூடுதல் வட்டிக்கு மற்றவர்களுக்குக் கொடுத்தார். தோட்டங்களுக்குப் போகும் அரிசியும் இந்தியத் துணியும் இந்தப் பணத்தில்தான் நகர்ந்தன. வட்டியைத் திட்டியவர்கள் பலர், அதில் நியாயமும் உண்டு. ஆனால் திட்டியவர்களுக்கும் அவசரத்துக்குப் போக வேறு வாசல் இருக்கவில்லை.

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அந்தச் சரிவின் தொடர்ச்சியாக 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அதன் நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே தவித்தபோது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசாங்கத்தையே பிணைநிறுத்தவேண்டி வந்தது.

இத்தனைக்கும் நடுவில் பேரேட்டில் விடாமல் ஏறிய பற்று ஒன்று உண்டு: மகமை. ஒவ்வொரு விலாசமும் தன் வியாபாரத்துக்கேற்பக் கோவிலுக்கு எடுத்துவைத்த பங்கு அது. கோவில் பணமும் சும்மா கிடக்காது. அதுவும் வட்டிக்குப் போய் வரும். முருகனைப் பெரிய பங்காளியாகவே நடத்தினார்கள் என்றால் பிழையில்லை.

கொள்ளைநோய்க்கு அஞ்சி அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்திய காலத்தில் அந்த மகமை வீதிக்கு வந்தது. கதிர்காமம் போகமுடியாவிட்டால் கொழும்பிலேயே விழா. 1874இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆடிவேலில், செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலிலிருந்து வேல் ரதமேறிக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வந்தது. வெள்ளவத்தைக்காரருக்கும் கொட்டாஞ்சேனைக்காரருக்கும் அது பொதுத் திருவிழாவாயிற்று. கரும்பும் கடலையும் வாங்கச் சிங்களக் குடும்பங்களும் வந்தன.

1925இல் பெரிய விலாசம் ஒன்று நொடித்தது. வங்கிகள் கையை இறுக்கின. 1934இல் வங்கி விசாரணைக் குழு அமைந்தது; அதன் பரிந்துரைப்படி 1939இல் இலங்கை வங்கி திறந்தது. உள்ளூர் வியாபாரிக்கு வேறு வாசல் கிடைத்ததும் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

செட்டியார் தெருவில் இப்போது வரிசையாக நகைக்கடைகள். ஆடியில் ரதம் புறப்படும் காலையில் அக்கடைக்காரர்கள் வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருக்கிறார்கள்.