வாகனச் செலவும் வருமான வரியும்: கிலோமீட்டர் கணக்கு நம் நாட்டில் செல்லுமா?

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் ஊருக்கு வரும்போது, "அங்கே தொழிலுக்காகக் கார் ஓட்டினால் மைலுக்கு இவ்வளவு என்று வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம்" என்று சொல்லக் கேட்டிருப்போம். அது உண்மைதான். 2025ஆம் ஆண்டுக்கு அந்நாட்டு வரித்துறை மைலுக்கு 70 சென்ட் என்று நிர்ணயித்தது. எரிபொருள், பழுது, காப்பீடு, தேய்மானம் எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடக்கம்.

அறந்தாங்கியிலோ மீமிசலிலோ கடை வைத்திருப்பவர் இதே கணக்கைப் போட முடியாது. இந்திய வருமான வரிச் சட்டத்தில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான கழிவு கிடையாது. நமக்கு உள்ள வழிகள் வேறு. கீழே வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் இந்த எண்கள் மாறும்.

கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் வியாபாரிகள்

இவர்கள் டீசல், பழுது, காப்பீடு, டிரைவர் சம்பளம் ஆகிய உண்மையான செலவுகளைக் கழிக்கலாம். அதோடு தேய்மானமும் உண்டு. காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். வாடகைக்கு ஓட்டும் டாக்சி, பஸ், லாரிக்கு 30 சதவீதம். 6,00,000 ரூபாய்க்கு வாங்கிய காருக்கு முதல் ஆண்டு 90,000 ரூபாய், அடுத்த ஆண்டு மீதமுள்ள 5,10,000 ரூபாயில் 76,500 ரூபாய். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான் கிடைக்கும்.

அதே கார் வீட்டுக்கும் ஓடுகிறது என்றால், தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டுமே கழிக்க வேண்டும்.

சிறு வியாபாரிகள்

44ஏடி பிரிவின்படி விற்பனையில் 8 சதவீதத்தை (வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை) இலாபமாகக் காட்டுபவர்கள் வாகனச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அதிலேயே அடங்கிவிட்டதாகச் சட்டம் கருதுகிறது.

லோடு வண்டி உரிமையாளர்கள்

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றும் வண்டிகளை வைத்திருப்போர் 44ஏஇ பிரிவை அறிந்திருக்க வேண்டும். பத்து சரக்கு வண்டிகளுக்கு மேல் இல்லாதவர்கள், ஒரு வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும். மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியானால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். வண்டி ஓடாமல் நின்ற மாதமும் கணக்கில் சேரும். பயணிகள் வேனுக்கும் ஆட்டோவுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது.

சம்பளம் வாங்குபவர்கள்

வேலைக்குப் போய்வரும் பெட்ரோல் செலவுக்குத் தனிக் கழிவு இல்லை. புதிய வரிமுறையில் 75,000 ரூபாயும் பழைய முறையில் 50,000 ரூபாயும் நிலையான கழிவாகக் கிடைக்கின்றன.

"லோன் போட்டு வாங்குங்கள், வரி மிச்சம்"

நம் சமுதாயத்தில் பலரை வட்டிக்குள் இழுக்கும் பேச்சு இது. தேய்மானம் கடனுக்குக் கிடைப்பதல்ல, வண்டிக்குக் கிடைப்பது. சொந்தப் பணத்தில் வாங்கினாலும் அதே 15 சதவீதம்தான். கடனில் வாங்கியவர் கூடுதலாகக் கழிப்பது வட்டியை மட்டுமே. 20 சதவீத வரி கட்டுபவர் 50,000 ரூபாய் வட்டி கட்டினால் மிச்சமாகும் வரி சுமார் 10,000. கையை விட்டுப் போவது சுமார் 40,000. மார்க்கம் தடுத்த வட்டி, கணக்கின்படியும் நஷ்டம்தான்.

ஆனால் சொந்தப் பணத்தில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை வண்டியின் விலையில் சேராது. அதற்குத் தேய்மானமும் கிடைக்காது. எனவே காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

தேதி, எங்கே போனோம், எதற்காக, புறப்படும்போதும் திரும்பும்போதும் மீட்டர் காட்டிய எண் ஆகிய நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். தொழிலுக்கு ஓடிய பங்கைக் கேட்டால் காட்டுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. பில்களையும் அதனுடன் சேர்த்து வையுங்கள்.

கூட்டு வியாபாரத்தில் இந்த நோட்டு இன்னும் அவசியம். குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போன டீசலைக் கொள்முதல் பயணம் என்று எழுதினால், வரித்துறைக்குத் தெரியாமல் போகலாம். பங்காளியின் ஹக்கு நம் மீது நிற்கும். வியாபாரத்தில் கணக்கும் ஓர் அமானிதம்தான். உண்மையாக ஓடியதை மட்டும் எழுதினால், ஆடிட்டரின் கேள்விக்கும் மறுமையின் கேள்விக்கும் ஒரே பதில் போதும், இன்ஷா அல்லாஹ்.