ஊவாத் தோட்டங்களிற் கூர்மதிப் பிள்ளைகள்

கேட்ட கதையைச் சொற் பிறழாது சொல்லுவான்; கொழுந்து நிறுக்குமிடத்திலே கணக்குப் பிழைத்தால் வாய்க்கணக்காகவே திருத்துவான்; ஆயினும் பரீட்சையிலே தேறான். இத்தகைய பிள்ளையைப் பெற்றோர் சோம்பேறி என்பர். ஆசிரியர் கவனமற்றவன் என்பர். பதுளையைச் சூழ்ந்த பசறை, மடூல்சீமை, நமுனுகுல, தெமோதரைத் தோட்டங்களிலே இப்பழிச்சொல் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்தது. குறை யாருடையது என்பதைச் சற்றே வரலாற்றின் வழி நின்று நோக்குவாம்.

தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பு 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் துரைமார் மீது சுமத்தப்பட்டது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதனை வலியுறுத்திற்று. அவ்விதிகள் கருத்திற்கொண்டவை ஆறு முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளையே. பத்து வயதோடு மனிதனின் அறிவு வளர்ச்சி நின்றுவிடுமெனச் சட்டமியற்றியோர் கருதினர் போலும்! ஒரே அறையில், பெரும்பாலும் ஓராசிரியர், பல வகுப்புகளையும் ஒருங்கே நடத்தினார். விரைந்து கற்கும் பிள்ளை மற்றையோர்க்காகக் காத்திருந்து சலித்தான். ஐந்தாம் வகுப்பே பெரும்பாலான பள்ளிகளுக்கு எல்லை. அதற்கப்பாற் படிக்க வேண்டின் நகருக்குச் செல்லல் வேண்டும். பதுளைக்கு 1924இல் இரயில் வந்துவிட்டதாயினும், லயத்துப் பிள்ளைக்கு நகர்ப்பள்ளி எட்டாத் தொலைவிலேயே இருந்தது.

இனிப் பெற்றோரின் நிலையை எண்ணுக. 1927ஆம் ஆண்டுக் குறைந்த கூலிச் சட்டத்தின் கீழ், 1929 முதல் மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாயின. பிள்ளையின் கூலி தந்தையின் கூலியிற் பாதிக்கு மேற்பட்டதென்பதைக் கவனிக்க. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லுந் தாய், மூத்த பெண்ணைத் தம்பி தங்கையரைப் பார்க்க நிறுத்தினாள். மகனைப் புல்லுவெட்ட அனுப்பினாள். இதனை அறியாமை என்று எழுதியோர் பலர். அஃது எனக்கு உடன்பாடன்று. ஐந்தாம் வகுப்புக்கு மேல் வழியில்லாத கல்வியையும் கையிற் கிடைக்கும் 32 சதத்தையும் அவள் ஒப்பிட்டாள். அவளுடைய கணக்கிற் பிழையில்லை, வழியில்லாமையே பிழை.

வழி கிடைத்தவிடத்து நிகழ்ந்ததற்கு ஒரு சான்று: எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். 1934இல் ஊவாவின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த அவர், தோட்டப் பள்ளி ஆசிரியரான தந்தையிடமே தொடக்கக் கல்வி கற்றார். மேற்படிப்புக்குக் கடல் கடந்து கும்பகோணஞ் சென்றார். பின்னர்ப் பதுளைக்கு மீண்டு தொடர்ந்தார். தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்து, மலையகப் புனைகதைக்குத் தூணாக விளங்கி, 2022இல் மறைந்தார். தந்தை கொழுந்துக் கணக்கில் நின்றவராயின், அம்மகனும் மற்றைப் பிள்ளைகளோடு புல்லுவெட்டியிருப்பான்.

1945இல் வந்த இலவசக் கல்வியாற் தோட்டங்கள் பெற்ற பயன் சிறிதே. 1948இற் குடியுரிமை பறிபோனபின் அவர்களுக்காகப் பேசுவோரும் அருகினர். 1960, 1961 ஆண்டுகளிற் பிற பள்ளிகளை அரசு ஏற்றபோதுந் தோட்டப் பள்ளிகள் விடுபட்டன. 1970களிலேயே அவை படிப்படியாக அரசின்கீழ் வந்தன.

இன்று ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகத் தோட்டப் பெற்றோரும் பிரத்தியேக வகுப்புக்குப் பணங்கட்டுகின்றனர். பழிச்சொல் மட்டும் மாறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே, வாய்க்கணக்கில் எவரையும் விஞ்சும் ஒரு மாணவன் எழுத்துத் தேர்வில் ஓயாது தவறினான். நானும் அவனைக் கவனமற்றவனென்றே குறித்துவைத்தேன். பெற்றோர் கூட்டத்திற்கு அரைநாட்கூலியை இழந்து வந்த தாய், நான் கூறியவற்றையெல்லாங் கேட்டிருந்து, "சேர், அவன் பலகையப் பார்க்கிறதில்ல, பக்கத்துப் புள்ளையோட கொப்பியத்தான் பார்க்கிறான். வீட்டிலயும் புத்தகத்த மூக்குக்கிட்ட வச்சிக்கிட்டுத்தான் படிக்கிறான்" என்றாள். மறுவாரம் அவனுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. அடுத்த தவணையில் நான் அவனை முன்வரிசைக்கு மாற்றவேண்டியிருக்கவில்லை.