கிராமங்களில் வீடியோ (பிரேசில்)

பிரேசிலின் பழங்குடி மக்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே ஆவணப்படமாக எடுக்கப் பயிற்சி அளிக்கும் அமைப்பு. போர்த்துக்கீசிய மொழியில் 'வீடியோ நாஸ் அல்டேயாஸ்'. வின்சென்ட் கரெல்லி 1986-இல் ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டமாக இதைத் தொடங்கினார். 2000-இல் தனி அமைப்பானது. தலைமையகம் பெர்னாம்புகோ மாநிலத்தின் ஒலிண்டா நகரம்.

முதல் படப்பிடிப்பு நம்பிக்வாரா மக்களிடையே, பெண்ணின் பூப்புச் சடங்கின்போது நடந்தது. எடுத்ததை அங்கேயே போட்டுக் காட்டியபோது, தாங்கள் அணிந்திருந்த வெளியூர் உடைகளைக் கண்டு அவர்கள் முகம் சுளித்தனர். அடுத்த சடங்கைப் பழைய முறைப்படி உடல் முழுக்கச் சாயம் பூசி நடத்தினர். அதோடு நிற்காமல், இருபதாண்டுகளுக்கு மேல் கைவிட்டிருந்த மூக்கும் உதடும் குத்தும் வழக்கத்தையும் கேமராவின் முன் மீட்டனர். 'பெண்ணின் விழா' (1987) இதைப் பதிவு செய்த படம். படம்பிடிப்பதைவிடப் பிடித்ததை ஊரே கூடிப் பார்ப்பதில்தான் இம்முயற்சியின் உயிர் இருக்கிறது என்பதை அன்றே காணமுடிந்தது.

1997-இல் பட்டறைகள் தொடங்கின. மாணவர் ஊரில் ஒருவரைத் தேர்ந்து அவருடைய அன்றாட வேலைகளைப் பின்தொடர்வார். பயிற்சியாளர் கூடப் போவதில்லை. எடுத்து வந்ததை எல்லோரும் சேர்ந்து பார்க்கும்போதுதான் பாடம் நடக்கிறது: எங்கே அவசரப்பட்டு கேமராவைத் திருப்பினோம், எந்த வேலையின் முடிவைக் காட்டாமல் விட்டோம். ஊர்ப் பெரியவர்களும் குறை சொல்வார்கள். கையால் செய்யும் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை பொறுமையாகக் காட்டும் பாங்கு இப்படங்களில் வேரூன்றியதற்கு இந்தப் பழக்கமே காரணம் எனலாம். இப்பட்டறைகளின் பயிற்சியாளராக 1998-இல் சேர்ந்த மரி கொர்ரேயா, பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷின் முயற்சியில் உருவான பாரிஸின் வரான் பட்டறையில் பயின்றவர்.

ஷவான்ட்டே சிறுவர்களின் பருவச் சடங்கைப் பற்றிய 'வாப்டே ம்ஞோனோ' (1999) படத்தை ஷவான்ட்டே இளைஞர்களோடு சுயா இனத்தவர் ஒருவரும் சேர்ந்து எடுத்தார். 'மீப்பெண்கள்' (2011), குய்குரோ பெண்களின் பெருஞ்சடங்கைச் சொல்கிறது. பாடல்கள் முழுவதும் அறிந்த பெண் நோயுற்றிருக்க, மற்றவர்கள் அவற்றைக் கற்கப் பாடுபடுகிறார்கள். குய்குரோ இனத்தைச் சேர்ந்த டகுமா, மானுடவியலாளர் கார்லோஸ் ஃபௌஸ்டோ, லியோனார்டோ செட்டி ஆகிய மூவரும் இயக்குநர்கள். வெளியாரின் பங்கை மறைக்காமல் பெயரோடு குறிப்பிட்டது நேர்மையான செயல்.