மின்தடையும் மின்திறனும் கணக்கிடல்

ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தமும் அதன் வழியே ஓடும் மின்னோட்டமும் தெரிந்தால், அதன் மின்தடையையும் அது எடுக்கும் திறனையும் கணக்கிட்டுவிடலாம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்கக் கிடைப்பது மின்தடை. இரண்டையும் பெருக்கக் கிடைப்பது திறன். வோல்ட், ஆம்பியர் ஆகிய அலகுகளில் அளந்தால் விடைகள் முறையே ஓமிலும் வாட்டிலும் வரும். மில்லி ஆம்பியரில் அளந்ததை முதலில் 1,000ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும் இஸ்திரிப் பெட்டியின் மின்தடை சுமார் 53 ஓம். திறன் சுமார் 1,000 வாட். இடைவிடாமல் ஒரு மணி நேரம் இதே திறனை எடுத்தால் மின்கட்டணத்தில் ஒரு யூனிட். அழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் ஓட்டமும் 3.77 ஆம்பியராகக் குறையும். திறன் 755 வாட்டுக்கு வந்துவிடும். அழுத்தத்தில் 13 விழுக்காடு குறைய, திறனில் கால் பங்கு போய்விடுகிறது. மின்தடை மாறாதபோது திறன், அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் வேளையில் பெட்டி சூடேறத் தாமதமாவது இதனால்தான்.

அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான உறவை 1827இல் நூலாக வெளியிட்டவர் ஜெர்மானிய இயற்பியலாளர் கேயார்க் சைமன் ஓம். அக்கால மின்கலங்களின் அழுத்தம் நிலையாக இராது. அதனால் அவர் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத அழுத்தத்தைப் பெற்றார். அளவீட்டின் வரலாற்றில் மிக அழகான தீர்வுகளுள் இது ஒன்று. 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

அழுத்தத்தை ஓட்டத்தால் வகுப்பது மின்தடையின் வரையறை. அது எந்தப் பொருளுக்கும் பொருந்தும். அந்த ஈவு மாறாமல் இருக்கும் என்பதே ஓம் விதி. அது எல்லாப் பொருளுக்கும் பொருந்துவதில்லை. 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எரியும்போது எடுப்பது 0.26 ஆம்பியர்; மின்தடை சுமார் 880 ஓம். அணைந்து ஆறியபின் மல்டிமீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சூடேறும்போது டங்ஸ்டன் இழையின் மின்தடை அவ்வளவு உயர்கிறது. குளிர்ந்த நிலையின் ஓம் அளவை வைத்து பல்பின் திறனைக் கணித்தால் 500 வாட்டுக்கு மேல் வரும். அது முற்றிலும் தவறு. ஆகவே கருவி இயங்கும்போதே அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளப்பதுதான் சரி.

மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் மோட்டாருக்கு இந்தப் பெருக்கல் மட்டும் போதாது. 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுத்தால் கிடைப்பது 460 வோல்ட் ஆம்பியர். இதில் உண்மைத் திறனாகும் பங்கைக் குறிக்கும் திறன் காரணி 0.8 எனில் உண்மைத் திறன் 368 வாட். வகுத்துக் கிடைக்கும் 115 ஓமும் சுருளின் மின்தடை அன்று. தூண்டல் விளைவும் சேர்ந்த மின்னெதிர்ப்பு. சுருளின் மின்தடை மட்டும் வேண்டுமானால் நேர்மின்னோட்டம் செலுத்தி அளக்க வேண்டும்.

வோல்ட்மீட்டரை எங்கே இணைப்பது என்பதும் விடையைப் பாதிக்கும். சிறிய மின்தடையை அளக்கும்போது அதன் முனைகளிலேயே நேராக இணைக்க வேண்டும். இல்லையேல் அம்மீட்டரின் மின்தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். பெரிய மின்தடையாயின் அம்மீட்டரையும் உள்ளடக்கி இணைப்பது நல்லது. அப்போது வோல்ட்மீட்டர் எடுக்கும் சிறு ஓட்டம் அம்மீட்டரில் கலக்காது. ஓர் ஓமுக்கும் மிகக் குறைந்த மின்தடைக்கு, ஓட்டம் செலுத்த இரு கம்பிகளும் அழுத்தம் அளக்க வேறு இரு கம்பிகளுமாக நான்கு கம்பி முறை கையாளப்படுகிறது.